வரைந்தது ஒன்று, வந்தது ஒன்று: செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

தங்கச்சிமடம் ஃபைபர் பட்டறை

போன வாரம் பட்டறைக்கு ஒரு தம்பி வந்தார். மெக்கானிக்கல் இறுதி ஆண்டு. லேப்டாப்பில் ஒரு ஐஸ் பெட்டி வரைந்து வைத்திருந்தார். நான்கு சுவரும் செங்குத்து, மூலைகள் எல்லாம் கத்தி மாதிரி. பார்த்ததும் சிரித்துவிட்டேன். பாவம், அவருக்குக் காரணம் புரியவில்லை. அதே பெட்டியை ஆறு வருடத்துக்கு முன் நான் வரைந்திருக்கிறேன்.

அப்போதுதான் கோயம்புத்தூர் வேலையை விட்டு ஊருக்கு வந்திருந்தேன். நாட்டுப்படகுக்காரர்கள் சிலர், வல்லத்தின் குறுக்குப் பலகைக்கு அடியில் நுழைகிற அளவில் பெட்டி வேண்டும் என்றார்கள். கடையில் விற்பது எதுவும் அந்த இடத்தில் உட்காராது. மொத்தம் 40 பெட்டி. வார்ப்புப் பிளாஸ்டிக்கில் செய்யலாம் என்று விசாரித்தால், டை, அதாவது எஃகு அச்சு, அதன் செலவே பட்டறையை எழுதி வாங்கிவிடும் போல இருந்தது. ஆயிரக்கணக்கில் செய்தால்தான் ஒரு பெட்டிக்கு அந்தச் செலவு சில்லறையாக இறங்கும். தண்ணீர்த் தொட்டி செய்கிறார்களே, தூளை அச்சுக்குள் போட்டுச் சூடாக்கிச் சுழற்றும் முறை, அதற்கு அச்சு மலிவுதான். ஆனால் அடுப்பும் இயந்திரமும் வேண்டும். 40 பெட்டிக்குக் கையால் ஃபைபர் ஒட்டுவதே கணக்குக்குச் சரி. எத்தனை உருப்படி என்று முடிவானபோதே எப்படிச் செய்வது என்பதும் பாதி முடிவாகிவிட்டது. இதைக் கல்லூரியில் யாரும் எனக்கு இப்படிச் சொல்லவில்லை.

சரி, பிளைவுட்டில் மாதிரி செய்து, புட்டி பூசி, தேய்த்து, அதன்மேல் மோல்டு எடுத்தேன். மோல்டுக்குள் வாக்ஸ் பூசி, ஜெல்கோட் (வெளிப்பூச்சு) அடித்து, கண்ணாடி இழைப் பாய் வைத்து, ரெசின் (இறுகும் பசை) தடவி, ராத்திரி முழுக்க விட்டாயிற்று. காலையில் பெட்டி வெளியே வரவில்லை. மர ஆப்பு அடித்தோம். இடுக்கில் தண்ணீர் ஊற்றினோம். கம்ப்ரஸர் காற்று விட்டோம். மதியம் மூன்று மணிக்கு டப்பென்று ஒரு சத்தம். பிளந்தது மோல்டு. இருபது நாள் வேலை.

பக்கத்தில் நின்ற மேஸ்திரி ஒன்றும் பேசாமல் வெளியே போனார். ஒரு சிரட்டையில் ஈரமணலை அள்ளி, தட்டி, கவிழ்த்துக் காட்டினார். மணல் முழுசாக விழுந்தது. அப்புறம் பெயின்ட் டப்பாவில் அதே மணலை நிரப்பிக் கவிழ்த்தார். பாதி உள்ளேயே நின்றுவிட்டது. “சின்னப் பிள்ளையில கடற்கரைல விளையாடலையா தம்பி?” என்று மட்டும் கேட்டார்.

சுவருக்குச் சாய்வு வேண்டும், அவ்வளவுதான் விஷயம். 40 செ.மீ. ஆழப் பெட்டிக்கு 2 டிகிரி சாய்வு கொடுத்தால் அடியில் ஒரு பக்கத்துக்கு 14 மி.மீ. குறையும். நான்கைந்து மீனுக்கு இடம் போகும். அந்த நான்கைந்து மீனுக்கு ஆசைப்பட்டு மோல்டையே இழந்தேன். மூலைகளிலும் அதே கதை. கூர்மூலையில் ஃபைபர் பாய் படியாமல் பாலம் மாதிரி தூக்கி நிற்கும், அடியில் காற்று அடைபடும், முதல் அடியில் அங்கேதான் ஓடு உடையும். இப்போது மூலையில் கட்டைவிரல் பதிகிற அளவு வளைவு வைக்கிறேன்.

இன்னொன்று. எங்கள் ஊர் சித்திரை வெயில் எந்தக் கையேட்டிலும் இல்லை. ஒரு நாள் பதினோரு மணிக்கு, ரெசினை இறுக வைக்கும் கேட்டலிஸ்டை டிசம்பரில் கலந்த அதே அளவில் கலந்தேன். பிரஷ் எடுப்பதற்குள் மக்கிலேயே ரெசின் புகைந்து கல்லாகிவிட்டது. அந்த மக் இன்னும் ஜன்னலில் பேனா வைக்க இருக்கிறது.

இந்த மாதிரி, வரைந்ததற்கும் கையில் வந்ததற்கும் நடுவில் உங்களுக்கு என்ன நடந்தது? எழுதுங்கள்.

கீழக்கரை, இப்போது ஷார்ஜா

அண்ணே, உங்களுக்குச் சாய்வு. எனக்கு அளவு.

இங்கே தரக்கட்டுப்பாட்டில் பன்னிரண்டு வருடம். வேலைக்கு வருமுன் ஊரில் ஒரு படகு எஞ்சினுக்குப் புஷ் (தண்டு சுற்றுகிற உருளை வளையம்) கடைய ராமநாதபுரத்தில் ஒரு லேத்துக்குப் போனேன். படத்தில் எல்லா அளவுக்கும் கூட்டல் கழித்தல் 0.01 மி.மீ. என்று எழுதியிருந்தேன். துல்லியமாக இருந்தால் நல்லதுதானே என்ற நினைப்பு. லேத்துக்காரர் படத்தைப் பார்த்தார், தன் வெர்னியர் அளவுகோலைப் பார்த்தார். “தம்பி, இதுவே 0.02க்குக் கீழ காட்டாது. எதை வச்சு அளந்து தர?” என்றார். பிறகு ஒரே கேள்வி: “உள்ள சுத்தணுமா, இறுகணுமா?”

அந்தக் கேள்விக்குள் எல்லாம் இருக்கிறது. சுற்ற வேண்டிய துளை ஒன்றே ஒன்றுதான். அங்கே மட்டும் இறுக்கமான அளவு போதும். வெளிப்பக்கம் அரை மில்லி கூடினாலும் குறைந்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. ஒவ்வொரு அளவையும் நெருக்கிப் பிடித்தால் நேரம் கூடும், கழிவு கூடும், கூலி கூடும். இங்கே ஆலையில் போகும்-போகாது கேஜ் வைத்திருக்கிறோம். ஒரு முனை துளைக்குள் போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது. அளக்கவே வேண்டாம், புதிதாக வந்த பையன்கூட ஒரு மணி நேரத்தில் முந்நூறு உருப்படி பார்த்துவிடுவான்.

சின்னப்பாலம்

நான் எதையும் வரைந்தவள் இல்லை. அம்மா கடல்பாசி எடுப்பவர், அவருக்காக எழுதுகிறேன்.

மாதத்தில் 12 நாள்தான் கடலில் இறங்குவது என்று எங்கள் பெண்கள் பேசி வைத்திருக்கிறார்கள். இறங்கும் நாளில் ஐந்தாறு மணி நேரம் தண்ணீருக்குள். கண்ணாடி, காலில் ரப்பர் செருப்பு, விரல் ஒவ்வொன்றிலும் பழைய துணிக் கிழிசல். பாறை கிழிக்கும், அதனால் துணி.

சில வருடத்துக்கு முன் ஓர் அமைப்பு கையுறை கொடுத்தது. கனத்த ரப்பர், நல்ல தரம், பணம் செலவழித்துச் செய்ததுதான். இரண்டே நாளில் எல்லோரும் கழற்றி வைத்துவிட்டார்கள். ஆண்கள் கை அளவு, அம்மாவின் விரல் நுனிக்கு மேல் ஒரு அங்குலம் காலியாக ஆடியது. அதைவிட முக்கியம், மரிக்கொழுந்துப் பாசியைக் கண்ணால் பார்த்துப் பறிப்பதில்லை, தடவிப் பார்த்துப் பறிப்பது. கலங்கல் நாளில் விரல்தான் கண். கையுறை போட்டால் பாசியும் பாறையும் ஒன்றுபோல் இருக்கிறது என்றார்.

கொடுத்தவர்கள் திரும்பி வந்து, ஏன் போடவில்லை, நன்றி இல்லையா என்ற தொனியில் கேட்டார்கள். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஒரு ஜோடியை முதலில் கொண்டுவந்து ஒரு நாள் இறங்கிப் பார்க்கச் சொல்லியிருந்தால் மீதியெல்லாம் மிச்சம். அம்மாவே சொன்னார்: உள்ளங்கைக்கும் விரல் பக்கத்துக்கும் ரப்பர் போதும், நுனியைத் திறந்து விட்டுவிடு என்று. நான் தைத்துப் பார்த்தேன், நூல் உப்பில் இற்றுப்போனது. நைலான் நூலில் மறுபடி தைத்திருக்கிறேன். நான்கு பேர் போடுகிறார்கள்.

தங்கச்சிமடம் ஃபைபர் பட்டறை

சின்னப்பாலம் அக்கா, அந்தக் கையுறையின் படம் ஒன்று போடுங்கள். விரல் பக்க ஓரத்தில் தையலே இல்லாமல் ஒட்டிப் பார்க்க முடியுமா என்று யோசிக்கிறேன்.

உப்பு என்றதும் விட்டுப்போன ஒன்று ஞாபகம் வந்தது. முதல் பத்துப் பெட்டிக்கு மூடியில் அலுமினியப் பட்டை வைத்து எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஸ்குரூ அடித்தேன். இரண்டுமே துருப்பிடிக்காது, தனித்தனியாக. சேர்த்து வைத்து உப்புத்தண்ணீரில் நனைத்தால் அது ஒரு பேட்டரி, அலுமினியம் கரையும். ஆறு மாதத்தில் ஸ்குரூவைச் சுற்றி வெள்ளைப் பொடி, ஓட்டை பெரிதாகி மூடி தொங்கியது. பித்தளைக் கீல், பிளாஸ்டிக் வாஷர் என்று இரண்டு மூன்று வழி பார்த்தேன். கடைசியில் கீலையே எடுத்துவிட்டு, மூடியை நைலான் கயிற்றால் கட்டிக் கொடுத்தேன். கயிறு அறுந்தால் படகிலேயே வேறு கயிறு கிடக்கும், என்னைத் தேடி வர வேண்டாம்.

பாம்பன்

கீல், ஸ்குரூ என்றதும் சொல்லத் தோன்றியது. வீட்டு வாசலிலிருந்தே ரயில் பாலம் தெரியும் எனக்கு. 1914இல் திறந்த பழைய பாலத்தின் நடுப்பகுதி முன்பு இரண்டு இறக்கையாகத் தூக்கும், ஆட்கள் கையால் சுற்றித் தூக்குவார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் துண்டு அப்படியே நேராக 17 மீட்டர் மேலே போகிறது. அத்தனை கனத்தையும் மோட்டார் தூக்குகிறது என்று நினைத்திருந்தேன். இல்லை, இரண்டு கோபுரத்திலும் எதிர் எடை தொங்குகிறது. கிணற்றுத் துலாவில் பின்னால் கல் கட்டுகிற அதே வேலை. மோட்டார் மிச்சத்தை மட்டும் இழுக்கிறது. உப்புக்காற்றுக்காக எஸ்.எஸ். கம்பி போட்டு, இணைப்புகளை வெல்டிங் செய்திருக்கிறார்கள். நீங்கள் கீலை எடுத்த மாதிரிதான், தண்ணீர் தங்கும் இடுக்குகளைக் குறைத்திருக்கிறார்கள்.

அது இருக்கட்டும். உங்கள் பெட்டி ஒன்று என் மச்சான் படகில் இருக்கிறது. மூடி நடுவில் குழிந்துவிட்டது. குறை சொல்லவில்லை, இரண்டு பேர் அதன்மேல் உட்கார்ந்துதான் வலை இழுக்கிறார்கள்.

தங்கச்சிமடம் ஃபைபர் பட்டறை

உட்காருவார்கள் என்று நான் நினைக்கவே இல்லை! படகில் சமதளமாக எது இருந்தாலும் அது பெஞ்சுதான், எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மூடியைக் கொடுத்து விடுங்கள், உள்ளே பிளைவுட் வைத்து மேலே இரண்டு பாய் கூடுதலாக ஒட்டித் தருகிறேன், கூலி வேண்டாம்.

அடுத்த செட்டுக்கு அடியில் குறுக்கு விலா வைத்தே மோல்டு போட்டுவிட்டேன். நேற்று ஒருவர் அதில் ஒன்றைப் பழுதுக்குக் கொண்டுவந்தார். விலா நன்றாகத்தான் இருந்தது. மூடியின் மேல் முழுக்கக் கத்திக் கீறல். அதில்தான் மீன் வெட்டுகிறார்களாம்.