உதவி தேவை: காலப்பயண நாடகத்தில் ராஜேந்திர சோழன் அவைக் காட்சி உட்காரவே இல்லை

மேடைக்காரி, ஜார்ஜ் டவுன்:

எல்லாருக்கும் வணக்கம். பினாங்கில் எங்கள் வட்டாரப் பிள்ளைகளை வைத்துப் பொங்கல் கலைவிழாவுக்கு ஒரு நாடகம் எழுதிக்கொண்டிருக்கிறேன். படிவம் நான்கு படிக்கும் பையன் ஒருவன் இங்கிருந்து 1025க்குப் போய் ராஜேந்திர சோழன் அவையில் நிற்கிறான். முதல் இரண்டு காட்சிகள் நன்றாக வந்துவிட்டன. அவைக் காட்சியை மட்டும் நான்கு முறை மாற்றி எழுதியும் சரியாக வரவில்லை.

இப்போது எழுதியிருப்பது இது: காவலர்கள் அவனை ஒற்றன் என்று பிடிக்கிறார்கள். "நாளை சூரிய கிரகணம்" என்கிறான் பையன். சொன்னபடியே வானம் இருள்கிறது, அவையே நடுங்கி அவனை வணங்குகிறது. ஒத்திகையின்போது ராஜாவாக நடிக்கும் மாணவன் கேட்டான், "டீச்சர், கடல் தாண்டிக் கப்பல் விட்டவர் கிரகணத்துக்கா பயப்படுவார்?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

கிரகணத்தை எடுத்துவிட்டால் அவையில் அவனுக்கு என்ன வேலை? அவர்கள் பேசும் தமிழ் எப்படி இருக்க வேண்டும்? இன்னும் பதினெட்டு நாள்தான் இருக்கிறது.

ஓலைக்காரன், கோலாலம்பூர்:

டீச்சர், அந்த மாணவன் கேட்டது நியாயமான கேள்வி. கிரகணத்தைத் தயங்காமல் எடுத்துவிடுங்கள். கிரகண நாளில் கொடுத்த தானங்கள் கல்வெட்டுகளிலேயே பதிவாகியிருக்கின்றன. அது எப்போது வரும் என்று கணித்துச் சொல்லக் கணிகள் இருந்தார்கள். பையன் சொல்லித்தான் அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை.

அவன் அவையை மிரட்ட வேண்டாம், அவன்தான் திணற வேண்டும். முதல் திணறல் "கோயில்" என்ற சொல்லிலேயே இருக்கிறது. காவலன் "கோயிலுக்கு நட" என்கிறான். பையன் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கைகூப்பி, சாமியைத் தேடுகிறான். அன்றைக்குக் கோயில் என்றால் அரண்மனையும்தான். ஒரு சொல்லிலேயே ஆயிரம் வருட தூரம் பார்ப்பவர்களுக்குப் புரிந்துவிடும்.

அடுத்து, இது எந்த வருடம் என்று அவன் கேட்கட்டும். 1025 என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "உடையார்க்கு யாண்டு பதினான்காவது" என்பார்கள். அரசன் பட்டத்துக்கு வந்ததிலிருந்துதான் கணக்கு.

மூன்றாவதாக ஒன்று. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அவன் கையில் ஓர் ஓலையைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். தமிழ்ப்பள்ளியில் படித்தவன், தமிழ்தானே என்று ஆசையாக வாங்குகிறான். பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை. எகரமா ஏகாரமா என்று எழுத்தைப் பார்த்துத் தெரியாது. பல எழுத்துகளின் உருவமே வேறு. விரலை வைத்து ஒவ்வொன்றாகத் தடவுகிறான், நாலாவது எழுத்தில் நின்றுவிடுகிறான். எழுதத் தெரியாத பிள்ளை போலிருக்கிறது என்று ஓலை எழுதுபவர் இரக்கப்படுகிறார். அவனுக்குக் கண் கலங்கட்டும்.

பேச்சைச் செய்யுள் நடையில் எழுதாதீர்கள், பிள்ளைகளுக்கு வாயில் வராது. சின்ன வாக்கியம், அதில் ஒன்றிரண்டு பழஞ்சொல் போதும். அரசன் வாயால் சொன்னதைத் திருமந்திர ஓலை எழுதுபவர் எழுதுவார், அவருக்கு மேலான ஓலைநாயகம் சரிபார்ப்பார், அப்புறம் வரிப்பொத்தகம் என்ற வரிக் கணக்கேட்டில் ஏறும். சும்மா நிற்கும் நான்கு பிள்ளைகளுக்கு இதில் வேலை கிடைக்கும்.

மேடைக்காரி, ஜார்ஜ் டவுன்:

மிக்க நன்றி ஐயா. ஓலைக் காட்சியை நேற்றே ஒத்திகை பார்த்தோம், அரங்கில் சத்தமே இல்லை. இன்னொரு சந்தேகம். பையன் பையில் நாசி கண்டார் சோற்றுப் பொட்டலம் இருக்கிறது. ராஜா ஒரு வாய் சாப்பிட்டு "நம் ஊர் மிளகாய்ச் சுவை" என்கிறார். இது சரிதானா?

அடுப்பங்கரை, பட்டர்வொர்த்:

மிளகாயை எடுத்துவிடுங்கள் அக்கா. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு எல்லாம் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். போர்த்துக்கீசியர் வந்த பிறகுதான் நம் பக்கம் வந்தன. ராஜேந்திரன் காலத்தில் காரம் என்றால் மிளகுதான். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் நிவேதனத்துக்கு மிளகு, சீரகம், கடுகு, புளி, தயிர் எல்லாம் வருகின்றன. ராஜாவுக்குப் புளியும் சீரகமும் பிடிபடும், அந்தச் சிவப்புக் காரம்தான் பிடிபடாது. "இது எந்த நாட்டு மிளகு?" என்று அவர் கேட்கட்டும்.

மெர்போக் பையன், பினாங்கு:

எல்லாரும் சொன்னது சரி. ஆனால் காட்சி நிற்காததற்குக் காரணம் வேறு என்று எனக்குத் தோன்றுகிறது, டீச்சர். "உன் ஊர் எது?" என்று அவனை ஒருவரும் கேட்கவில்லையே.

அவன் பினாங்குக்காரன். எதிரே இருப்பது கெடா. அவர்கள் அதைக் கடாரம் என்பார்கள். 1025இல் "அலைகடல் நடுவுட் பலகலம் செலுத்தி" அவர்கள் வென்ற நாடு அது. அரசனின் வெற்றிகளைப் புகழும் கல்வெட்டுப் பகுதியான மெய்க்கீர்த்தி ஸ்ரீவிசயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம் என்று அடுக்கிக்கொண்டே போய்க் கடாரத்தில் முடிகிறது. அதன் அரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மன் பிடிபட்டதையும், விச்சாதிரத் தோரணம் என்ற அலங்கார வாயில் எடுத்து வரப்பட்டதையும் அது சொல்கிறது. நாம் "கடாரம் கொண்டான்" என்று மேடையில் நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறோம். எனக்கும் அந்தப் பெருமை உண்டு. ஆனால் நான் பிறந்த கெடாவின் மெர்போக்கில், சண்டி புக்கிட் பத்து பஹாட் என்ற பழங்கோயிலின் கற்களுக்கு நடுவே சின்ன வயதில் விளையாடியவன் நான். அந்தப் பையன் தமிழன், ஆனால் கப்பல்கள் போய் இறங்கிய கரைக்காரன். அவன் யார் பக்கம்? உங்கள் நாடகமே இந்தக் கேள்விதான்.

அவன் ஊரை வாயால் சொல்ல வேண்டாம், தரையில் மலையை வரையட்டும். தெளிந்த காலையில் பினாங்குக் கடற்கரைச் சாலையான கர்னி டிரைவிலிருந்து பார்த்தால் வடக்கே கெடாவின் குனோங் ஜெராய் தெரியுமே, 1,217 மீட்டர், அந்தக் காலத்து மாலுமிகளுக்கும் அதுதான் அடையாளம். அவையில் நிற்கும் கலம் ஓட்டி ஒருவன் குனிந்து பார்த்து, "இந்த மலையைக் கண்டுதான் நாங்கள் கரை பிடித்தோம்" என்கிறான். அவை அமைதியாகிறது.

மேடைக்காரி, ஜார்ஜ் டவுன்:

தம்பி, இதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். வரைகிற இடம் வைத்தாயிற்று. அதற்குப் பிறகு அவன் ராஜாவிடம் என்ன பேசுவான்? கோபப்படலாமா?

மெர்போக் பையன், பினாங்கு:

கோபம் வேண்டாம் டீச்சர், ஒரு கேள்வி போதும். கடாரத்து அரசர்கள் நாகப்பட்டினத்தில் கட்டிய சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்தார். அவர் இறந்த பிறகு அந்தக் கொடையைச் செப்பேட்டில் வெட்டுவித்தவர் ராஜேந்திரனேதான். இன்று லெய்டன் செப்பேடு என்கிறோமே, அது. பையன் கேட்கட்டும்: "அப்பா கொடுத்ததை நிலைநிறுத்திக் கொடுத்தீர்களே, பிறகு ஏன் கலம் அனுப்பினீர்கள்?"

ராஜா பதில் சொல்ல வேண்டாம். ஓலை எழுதுபவரின் எழுத்தாணி மட்டும் நிற்கட்டும்.

மேடைக்காரி, ஜார்ஜ் டவுன்:

சரி தம்பி, அப்படியே வைக்கிறேன். கடைசியாக ஒன்று: ஓலைக்கு என்ன செய்வது? தென்னங்கீற்று காய்ந்து உடைந்துவிடுகிறது.

ஓலைக்காரன், கோலாலம்பூர்:

மணிலா அட்டையை மூன்று விரல் அகலத்தில் நீளமாக வெட்டி, தேயிலைச் சாயத்தில் நனைத்துக் காய வையுங்கள். துளை போட்டு நூல் கோத்துவிட்டால் பின்வரிசையிலிருந்து பார்த்தாலும் ஓலை மாதிரியே தெரியும்.