பிரேக் பிடிக்காத லாரி: தண்டிக்க வேண்டியது டிரைவரையா, ஓனரையா?

குன்னூர் வாணி:
லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் மலையடிவாரத்தில் இருக்கும் ஊர் லா கன்யாடா ஃபிளின்ட்ரிட்ஜ். 2009 ஏப்ரல் 1 அன்று, கார்களை ஏற்றிப்போகும் பெரிய டிரெய்லர் ஒன்று ஏஞ்சலஸ் கிரெஸ்ட் நெடுஞ்சாலையில் பிரேக் இல்லாமல் இறங்கி, ஊரின் நடுச் சந்திப்பில் வண்டிகளை இடித்துத் தள்ளிக்கொண்டு ஒரு புத்தகக் கடைக்குள் புகுந்தது. ஒரு தந்தையும் அவருடைய 12 வயது மகளும் செத்துப்போனார்கள். பிரேக் சூடாகிவிட்டது என்று மலை மேலேயே ஒருவர் டிரைவரை எச்சரித்திருக்கிறார். அப்படியும் இறங்கியிருக்கிறார். 2011ல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. சரியான தீர்ப்பு என்பது என் கருத்து. மலையில் குடியிருக்கிறவர்கள் ஒவ்வொரு லோடு லாரியையும் நம்பித்தான் வீட்டுக்குள் தூங்குகிறோம்.

பத்துச்சக்கரம் (நாமக்கல்):
வாணி மேடம், இன்னொரு தீர்ப்பையும் பாருங்க. இங்கிலாந்தில் பாத் நகரம், அதுவும் மேடும் பள்ளமுமான ஊர். 2015 பிப்ரவரியில் 32 டன் டிப்பர் லாரி லான்ஸ்டவுன் லேன் இறக்கத்தில் பிரேக் போய் 4 பேரைக் கொன்றது. அதில் ஒரு குழந்தைக்கு 4 வயது. டிரைவர் 19 வயதுப் பையன். அவரை விடுதலை செய்தார்கள். ஓனருக்கு ஏழரை வருடம், மெக்கானிக்குக்கு 5 வருடம் 3 மாதம். அந்த ஓனர் இன்னொரு லாரியில் முன்னால் போய்க்கொண்டிருந்தவர். பராமரிப்பைப் பார்க்காமல் வண்டியை ரோட்டில் விட்டவன் உள்ளே போனான். நம் ஊரில் எஃப்.ஐ.ஆரில் டிரைவர் பேரை எழுதி முடித்துவிடுகிறார்கள்.

குன்னூர் வாணி:
நீங்கள் சொன்னது என் பக்கம்தான் பேசுகிறது. பாத் டிரைவர் புதியவர், பழுது அவர் கைக்கு வருமுன்பே இருந்தது. கலிபோர்னியா டிரைவர் வாயால் சொல்லக் கேட்டும் இறங்கினார். தொப்பூர் கணவாயை எடுத்துக்கொள்ளுங்கள். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டாதீர்கள் என்று போலீசார் எத்தனை தடவை சொல்லிவிட்டார்கள்? 2024 ஜனவரியில் அங்கே லாரி மோதி வண்டிகள் எரிந்து 4 பேர் போனார்கள். ஒவ்வொரு விபத்தின் காரணமும் வேறாக இருக்கலாம். ஆனால் நியூட்ரல் போடுகிற கை ஓனருடையது அல்ல.

பத்துச்சக்கரம் (நாமக்கல்):
கை டிரைவருடையது, கணக்கு ஓனருடையது. நான் ஓட்டிய ஒரு வண்டிக்கு இத்தனை லிட்டரில் போய் வரவேண்டும் என்று கணக்கு வைத்திருந்தார் முதலாளி. கூடினால் படிக்காசில் பிடித்தம். அப்போது நியூட்ரல் யாருடைய யோசனை? பிரேக் லைனர் தேய்ந்துவிட்டது என்று சொன்னால் "இந்த லோடு இறக்கிட்டு வா, பார்ப்போம்" என்பார்.

பட்டறை மாணிக்கம்:
ரெண்டு பேரும் சண்டை போடும் முன்னால் ஒரு விஷயம். இப்போதைய எலக்ட்ரானிக் பம்ப் வண்டிகளில், இறக்கத்தில் கியரில் விட்டு ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்தால் டீசல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் ஐடிலுக்கு டீசல் குடிக்கும். அதனால் மலை இறக்கத்தில் அந்த மிச்சக் கணக்கே பொய்.

அப்புறம் டிரம் பிரேக். காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டே இறங்கினால் சக்கரத்தோடு சுற்றும் டிரம் சூட்டில் விரியும், உள்ளிருந்து அதை அழுத்தும் பிரேக் ஷூ எட்டிப் பிடிக்க இன்னும் தூரம் போகவேண்டும். ஷூ மேல் ஒட்டியிருக்கும் லைனரும் சூட்டில் பிடிப்பை இழக்கும். முதலில் கருகின ரப்பர் மாதிரி ஒரு வாசனை, அடுத்தது பின்சக்கரத்தில் புகை. டிரைவர் பயந்து மாற்றி மாற்றி மிதிப்பார், பிரேக்கை இயக்கும் டேங்கில் ஏர் காலியாகும். அந்த நேரத்தில் கீழ் கியருக்கு மாற்றலாம் என்று நியூட்ரலுக்கு எடுத்தால் திரும்ப எந்தக் கியரும் விழாது, ஏனென்றால் வண்டி அதற்குள் வேகம் பிடித்திருக்கும். மேலேயே கியரைக் குறைத்து, எக்ஸாஸ்ட் பிரேக் (இன்ஜின் புகை வெளியேறுவதைத் தடுத்து வேகத்தைக் குறைப்பது) போட்டு, பிரேக்கை அழுத்தி வேகம் இறங்கினதும் விட்டு, மறுபடி அழுத்தி இறங்குவதுதான் முறை. அமெரிக்காவில் கனரக வண்டி லைசென்ஸ் பாடத்திலும் இதே முறைதான், ஒவ்வொரு அழுத்தலிலும் மணிக்கு 5 மைல் குறைத்துவிட்டு விடச் சொல்கிறார்கள்.

இன்னொன்று. லா கன்யாடாவில் அதற்கு முந்தைய செப்டம்பரிலேயே வெங்காய லோடு லாரி ஒன்று அதே சாலையில் பிரேக் போய் இறங்கி மோதியிருக்கிறது. ஊர்க்காரர்கள் பெரிய லாரிகளைத் தடுக்கச் சொல்லிக் கேட்டார்கள். ரெண்டு உயிர் போன பிறகுதான் தடை வந்தது. நீங்கள் இருவரும் சாலைத்துறையை மறந்துவிட்டீர்கள்.

குன்னூர் வாணி:
மறக்கவில்லை, மாணிக்கம் அண்ணா. சாலைத்துறையின் தாமதம் பெரிய குற்றம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் குற்றம் டிரைவரின் பொறுப்பைக் குறைக்காது. நீங்களே சொல்கிறீர்கள், முதலில் வாசனை, பிறகு புகை என்று. அந்த ரெண்டுக்கும் நடுவில் வண்டியை ஓரம் கட்ட நேரம் இருக்கிறதே!

பத்துச்சக்கரம் (நாமக்கல்):
ஓரம் கட்ட ஓரம் எங்கே இருக்கு மேடம்? ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் பள்ளம். பல நாடுகளில் இறக்கத்தில் ஆழமாக ஜல்லி கொட்டி ஏற்றமாகத் தனிப் பாதை வைத்திருப்பார்கள், பிரேக் போன வண்டி அதில் ஏறிப் புதைந்து நின்றுவிடும். நம் மலைகளில் எத்தனை வளைவில் அப்படி ஒரு பாதை பார்த்திருக்கீங்க? பிரேக் ஆறட்டும் என்று அரை மணி நேரம் நிற்க இடம் கொடுத்துவிட்டு, நிற்காமல் இறங்குகிறவனை ஜெயிலில் போடுங்க. நானே வந்து சாட்சி சொல்றேன்.

குன்னூர் வாணி:
இடம் வேண்டும் என்பதில் உங்களோடு நான் நிற்கிறேன், மனுவில் கையெழுத்தும் போடுகிறேன். ஆனால் இடம் வரும்வரை புகைகிற வண்டியை ஊருக்குள் இறக்கலாம் என்று நீங்கள் சொன்னால், அதை ஏற்கமாட்டேன். நடுரோட்டிலேயே நிறுத்துங்கள். எங்களுக்கு மணிக்கணக்கில் டிராபிக் ஜாம் ஆனாலும் பரவாயில்லை.

பட்டறை மாணிக்கம்:
நடுரோட்டில் நிறுத்தினால் சக்கரத்துக்கு மறக்காமல் கட்டை வைக்கச் சொல்லுங்க. சூடான டிரம்மில் ஹேண்ட்பிரேக்கை மட்டும் நம்பக்கூடாது. அதன் மேல் தண்ணியும் ஊற்றவேண்டாம், விரிசல் விடும்.