தம்பிக்கு இங்கிலாந்தில் கவுன்சில் டாக்ஸ் பாக்கி ஆர்டர், எனக்கு இங்கே சொத்து வரி நோட்டீஸ்: வேலை வெரிஃபிகேஷனில் இதெல்லாம் வருமா?

வில்லாபுரம்வாசி:
எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு சந்தேகம், ரெண்டும் ஒரே வீட்டு விஷயம்தான்.

தம்பி இங்கிலாந்தில் மிட்லாண்ட்ஸ் பக்கம் எம்.எஸ்சி படிச்சான். 2024 செப்டம்பர்ல கோர்ஸ் முடிஞ்சது. அதுக்கப்புறமும் அதே வாடகை வீட்டுல ரெண்டு பசங்களோட ஆறு மாசம் இருந்துட்டு வேற ஊருக்கு மாறிட்டான். அந்த ஆறு மாசத்துக்குக் கவுன்சில் டாக்ஸ் (அங்கே குடியிருக்கிறவங்க உள்ளாட்சிக்குக் கட்டுற வீட்டு வரி) கட்டலைன்னு சம்மன் போயிருக்கு, எல்லாம் பழைய வீட்டு முகவரிக்கு. இப்போ கவுன்சில்காரங்க மாஜிஸ்திரேட் கோர்ட்டுல லயபிலிட்டி ஆர்டர், அதாவது இந்தப் பாக்கியை வசூல் பண்ணலாம்ங்கிற உத்தரவு, வாங்கிட்டாங்க. கோர்ட் செலவோட 1,140 பவுண்டு. மூணு பேர் பேரும் அதுல இருக்கு. இப்போ அவனுக்கு ஒரு கம்பெனியில ஆஃபர் வந்திருக்கு; டிபிஎஸ் (குற்றப் பதிவு சோதனை), கிரெடிட் செக் (கடன் வரலாறு சோதனை) ரெண்டும் பார்ப்பாங்களாம். கோர்ட் ஆர்டர்னு ஒண்ணு இருந்தா வேலை போயிடுமா?

ரெண்டாவது என் கதை. பேங்க் கிளார்க் வேலைக்கு, வங்கித் தேர்வு நடத்துற ஐபிபிஎஸ்ல புரொவிஷனல் அலாட்மெண்ட் (தற்காலிக ஒதுக்கீடு) வந்திருக்கு. அப்பா காலமாகிட்டார். வீடு இன்னும் அவர் பேருலதான் இருக்கு. ஆறு அரையாண்டு சொத்து வரி பாக்கின்னு மாநகராட்சி நோட்டீஸ் வந்திருக்கு. இது சிபில்ல (கடன் வரலாற்றுப் பதிவுல) ஏறுமா? போலீஸ் வெரிஃபிகேஷன்ல வருமா?

கோச்சடை:
தம்பி விஷயத்துக்கு மட்டும் சொல்றேன். ஊருக்கு எப்படியோ, இங்கிலாந்துச் சட்டத்துல விடை தெளிவா இருக்கு.

லயபிலிட்டி ஆர்டர் கொடுக்கிறது மாஜிஸ்திரேட் கோர்ட்தான். நம்ம ஊர்ல மாஜிஸ்திரேட்னாலே கிரிமினல்னு தோணும், அதான் பயம். ஆனா இது சிவில் கடன் ஆர்டர், தண்டனை இல்லை. டிபிஎஸ்ல பல நிலை உண்டு. பேசிக்ல வர்றது இன்னும் காலாவதியாகாத தண்டனைகளும் போலீஸ் கொடுக்கிற நிபந்தனை எச்சரிக்கைகளும் மட்டும். ஸ்டாண்டர்டு, என்ஹான்ஸ்டு ரெண்டும் இன்னும் ஆழமாப் போகும், ஆனா அதுவும் குற்றப் பக்கம்தான் போகும். வரி பாக்கிக்கு அங்கே இடமே இல்லை.

அடுத்து கிரெடிட் செக். கவுண்டி கோர்ட் தீர்ப்பு, அதாவது சிசிஜே, பொதுப் பதிவேட்டுல ஏறி ஆறு வருஷம் இருக்கும். எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், டிரான்ஸ்யூனியன் மூணும் அங்கிருந்து எடுத்துப் போடும். லயபிலிட்டி ஆர்டர் அந்தப் பதிவேட்டுக்கே போகாது. அதனால கிரெடிட் ரிப்போர்ட்டிலும் வராது. சந்தேகமா இருந்தா மூணு இடத்திலயும் சட்டப்படி இலவசமாக் கொடுக்கிற ரிப்போர்ட்டை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்க. கட்டாத டிவி லைசென்ஸ் அபராதம் மாதிரி ஏதாவது இருந்தா அது வேற கணக்கு. கோர்ட் அபராதம் கட்டாம விட்டா பதிவேட்டுல ஏறலாம்.

அப்ப கம்பெனிக்கு எங்கே தெரியும்? செக்ல தெரியாது, சம்பளத்துல தெரியும். ஆர்டர் கையில இருந்தா கவுன்சில் நேரா முதலாளிக்கே எழுதி சம்பளத்துல பிடிக்கச் சொல்லலாம். அதுக்குத் தனியாக் கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. இங்கிலாந்து அட்டவணைப்படி கையில வர்ற மாசச் சம்பளம் 1,420லிருந்து 2,020 பவுண்டுக்குள்ள இருந்தா 17 சதவீதம். 2,020க்கு மேல போனா, முதல் 2,020க்கு 17 சதவீதம், மிச்சத்துல பாதி. 2,500 பவுண்டு கைக்கு வருதுன்னு வச்சுக்கோங்க: 343.40, அதோட 480ல பாதி 240, ஆக 583 பவுண்டு சொச்சம் ஒரே மாசத்துல போயிடும். ஒவ்வொரு பிடித்தத்துக்கும் முதலாளி 1 பவுண்டு தன் செலவுக்கு எடுத்துக்கலாம். புதுசா சேர்ந்தவனுக்கு முதல் சம்பளத்துலயே இந்தக் கடிதம் ஹெச்ஆர் மேசைக்குப் போறதுதான் உண்மையான சங்கடம்.

இன்னொண்ணு, இதைப் பலர் கவனிக்கிறதில்லை. ஆர்டர் வந்தப்புறம் கவுன்சில் ஒரு ஃபாரம் அனுப்பும்: எங்கே வேலை, என்ன சம்பளம்னு. 14 நாளுக்குள்ள பதில் தரணும். தராம இருந்தா அது குற்றம், அபராதம் உண்டு. பொய்யா எழுதினா அபராதம் இன்னும் கூடும். கடன் சிவில்தான், ஆனா இந்த ஃபாரத்தைக் குப்பையில போட்டா கிரிமினல் பக்கம் கால் வச்ச மாதிரி. பழைய வீட்டுக்கு இன்னும் என்னென்ன போயிருக்குன்னு உடனே கேட்கச் சொல்லுங்க.

பெய்லிஃப் (வீட்டுக்கே வந்து கடன் வசூல் பண்ற ஆள்) கையில கேஸ் போயிட்டா, 2014ல விதி வந்தப்போ இருந்த கட்டணப்படி போன உடனே 75 பவுண்டு, வீட்டுக் கதவைத் தட்டினா இன்னொரு 235. கடன் 1,500ஐத் தாண்டினா தாண்டின தொகைக்கு 7.5 சதவீதம் கூட. இப்போ எவ்வளவுன்னு பார்த்துக்கோங்க. அதுக்கு முன்னாடியே பேசி முடிக்கிறது மேல்.

தெற்குமாசிவீதி:
கோச்சடை அண்ணன் சொன்னது சரி. நான் விண்ணப்பப் படிவத்தைப் பத்திச் சொல்றேன், ஆட்கள் மாட்டுறது அங்கேதான்.

அக்கா, தம்பியைக் கேள்வியை ஒவ்வொரு வார்த்தையா வாசிக்கச் சொல்லுங்க. "சிசிஜே இருக்கா, திவால் ஆகியிருக்கீங்களா"ன்னு கேட்டா "இல்லை"ங்கிறது நேர்மையான பதில். "கடன் தொடர்பா எந்தக் கோர்ட் ஆர்டராவது உண்டா"ன்னு கேட்டா "உண்டு"ன்னுதான் எழுதணும். கீழே ரெண்டு வரி போதும்: மாணவர் விலக்கு முடிஞ்ச பின்னான காலத்துக்கான கவுன்சில் டாக்ஸ், தவணை பேசியாச்சு, இன்ன தேதியில் முடியும். ரெண்டு பக்கக் கடிதம் எழுதினா இல்லாத சந்தேகமும் வந்துடும். வங்கி, இன்சூரன்ஸ், முதலீடு மாதிரி நிதிக் கட்டுப்பாட்டு வேலையோ, அரசுப் பாதுகாப்பு அனுமதி வேணுங்கிற வேலையோ இருந்தா கடன் நிலவரத்தை நேராவே கேட்பாங்க. அங்கே கடன் இருக்கிறதை விட மறைச்சதுதான் பெரிய தப்பாப் போகும்.

அடுத்து, அந்த 1,140 சரியான கணக்கான்னு முதல்ல பாருங்க. எனக்கு அதுலதான் சந்தேகம்.

முழுநேர மாணவருக்கு விலக்கு கோர்ஸ் முடியற தேதி வரைக்கும். அந்தத் தேதி யுனிவர்சிட்டி கொடுக்கிற கவுன்சில் டாக்ஸ் சான்றிதழ்ல இருக்கும். பட்டமளிப்பு தேதியை வச்சுக் கணக்குப் போடக் கூடாது. கூட இருந்த ரெண்டு பசங்கள்ல யாராவது அந்த ஆறு மாசத்துல இன்னும் படிச்சுக்கிட்டு இருந்தாங்களா? இருந்தா, படிக்காதவங்களோட சேர்த்து அந்தப் பையன் மேல கூட்டுப் பொறுப்பு போட முடியாது, அவன் பேர் அந்த பில்லுல இருக்கவே கூடாது. ரெண்டு பேருமே மாணவர்னா கணக்குக்கு வீட்டுல ஒரே ஒரு பெரியவர்தான், அதுவும் உங்க தம்பி. அப்போ 25 சதவீதம் தள்ளுபடி கிடைக்கணும். மூணு பேரும் படிப்பு முடிச்சவங்கன்னா நிலைமை மோசம்: மத்தவங்க தராட்டி முழுப் பணத்தையும் ஒருத்தன்கிட்டயே கேட்கலாம்.

வாடகை ஒப்பந்தத்தையும் எடுத்துப் பார்க்கணும். மூணு பேரும் ஒரே ஒப்பந்தத்துல கையெழுத்தா, இல்ல அறை அறையாத் தனித்தனி ஒப்பந்தமா? தனித்தனியா விட்ட வீடுன்னா பெரும்பாலும் வரி வீட்டு உரிமையாளர் தலையிலதான் விழும். அப்படின்னா ஆர்டரே தப்பான ஆள் மேல வாங்கினது.

தப்புன்னு தெரிஞ்சா முதல்ல கவுன்சிலுக்கு எழுத்துல போடணும். ரெண்டு மாசத்துல பதில் வரலைன்னாலோ மறுத்தாலோ வேல்யூவேஷன் டிரிப்யூனலுக்கு (கவுன்சில் டாக்ஸ் தகராறைத் தீர்க்கிற தீர்ப்பாயம்) போகலாம். ஆர்டரை ரத்து பண்ணக் கோர்ட்டையும் கேட்கலாம். ஆனா "சம்மன் கைக்கு வரலை"ங்கிறது மட்டும் போதாது. கடைசியாத் தெரிஞ்ச முகவரிக்கு அனுப்பியிருந்தா அது சேர்ந்ததாத்தான் கணக்கு. வரி நம்ம மேல இல்லைன்னு வாதாட உண்மையான காரணம் இருக்கணும், தெரிஞ்ச உடனே தாமதிக்காமக் கேட்டிருக்கணும்.

விசாவைப் பத்தி நீங்க கேட்கலை, இருந்தாலும் சொல்லிடறேன். பின்னாடி எப்பவாவது பிரிட்டிஷ் குடியுரிமைக்குப் போட்டா நன்னடத்தையில இதையும் பார்ப்பாங்க. கட்டின ரசீதைப் பத்திரமா வைக்கச் சொல்லுங்க.

தல்லாகுளம்:
இப்போ நம்ம ஊர்க் கணக்குக்கு வர்றேன்.

சிபில்ல சொத்து வரி ஏறாது. வங்கிகள், கடன் கம்பெனிகள், கிரெடிட் கார்டு கொடுக்கிறவங்க அனுப்புற தகவல்தான் அங்கே இருக்கும். மாநகராட்சி அந்த வரிசையிலேயே இல்லை. போலீஸ் வெரிஃபிகேஷன்ல பார்க்கிறது எஃப்ஐஆர், நிலுவையில் இருக்கிற குற்ற வழக்கு, தண்டனை. வரி நோட்டீஸ் எந்த ஸ்டேஷனுக்கும் போறதில்லை. நம்ம சட்டத்துல வேடிக்கை என்னன்னா, நோட்டீஸ் வந்தும் வரி கட்டாதவர் கவுன்சிலர் தேர்தல்ல நிக்கத்தான் தடை. கிளார்க் வேலைக்கு அப்படி எதுவும் கிடையாது.

அதுக்காக வரியை விட்டுடாதீங்க. தாமதத்துக்கு மாசம் 1 சதவீதம் வட்டி ஏறிக்கிட்டே இருக்கும். அடுத்து குடிநீர், பாதாளச் சாக்கடை இணைப்பைத் துண்டிக்கிறது, ஜப்தின்னு போகும். ஜப்தி பண்ண வழியில்லைன்னா மாஜிஸ்திரேட் முன்னாடி வழக்குப் போடுற ஏற்பாடும் பழைய முனிசிபல் சட்டங்கள்லயே இருந்தது. அரிதுதான், ஆனா வழக்குன்னு ஒண்ணு வந்துட்டா நான் மேலே சொன்ன பதில் அப்படியே நிக்காது.

கட்டுற வழி: பழைய ரசீதுல வரிவிதிப்பு எண் இருக்கும், அதைப் போட்டு ஆன்லைன்ல நிலுவையைப் பாருங்க. அப்பா பேருல இருந்தாலும் நீங்க கட்டலாம். முதல்ல பாக்கியை முடிங்க, அப்புறம் இறப்புச் சான்று, தாசில்தார் வாரிசுச் சான்று, பத்திர நகல், கடைசி வரி ரசீதோட மண்டல அலுவலகத்துல பேர் மாற்றத்துக்குக் கொடுங்க. பாக்கியோட கொடுத்தா மனு அங்கேயே தூங்கும். "நான் குறைச்சு முடிச்சுத் தர்றேன்"னு கையில காசு கேட்கிறவர்கிட்ட மட்டும் போகாதீங்க. மதுரையில வரியைக் குறைச்சுக் காட்டின விவகாரம் 2025ல கைது வரைக்கும் போனது எல்லாருக்கும் தெரியும். இனிமே ஏப்ரல் 30, அக்டோபர் 31க்குள்ள கட்டினா 5 சதவீதம் ஊக்கத்தொகையும் உண்டு.

உங்களுக்கு நிஜ ஆபத்து வேற இடத்துல இருக்கலாம்மா. தம்பி படிக்கக் கல்விக் கடன் வாங்கினீங்களா? அதுல நீங்க கூட்டுக் கடனாளியா இல்ல ஜாமீனா கையெழுத்துப் போட்டீங்களா? அப்படின்னா அந்தக் கடன் உங்க சிபில்லயும் இருக்கும். வழக்கமான கல்விக் கடன்ல கோர்ஸ் காலம், அதுக்கு மேல ஒரு வருஷம் அவகாசம். 2024 செப்டம்பர்ல முடிஞ்சதுன்னா 2025 கடைசியிலேயே தவணை ஆரம்பிச்சிருக்கும். ஐபிபிஎஸ் அறிவிப்புல சேர்ற நேரத்துல கிரெடிட் ஹிஸ்டரி நல்லா இருக்கணும்னு தெளிவா இருக்கு. குறைந்தபட்ச ஸ்கோர் அந்தந்த வங்கி முடிவு. கடனைத் திருப்பிக் கட்டாத பின்னணிக்காக ஸ்டேட் பேங்க் ஒரு நியமனத்தை ரத்து பண்ணினதை 2025 ஜூன்ல சென்னை உயர் நீதிமன்றம் சரின்னு சொல்லிடுச்சு.

சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் நாலும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசமாத் தரணும். இன்னிக்கே எடுங்க. ஸ்கோரை விட முக்கியம் மாசவாரிக் கட்டம்: எத்தனை நாள் தாமதம்னு 30, 60, 90னு எண் விழுந்திருக்கான்னு பாருங்க. "செட்டில்டு" (குறைச்சுக் கட்டி முடிச்சது), "ரிட்டன் ஆஃப்" (வராக்கடன்னு தள்ளினது)னு ஏதாவது இருக்கான்னும் பாருங்க. கட்டியும் தப்பா இருந்தா புகார் கொடுங்க, 30 நாளுக்குள்ள திருத்தணும்; தாண்டினா நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடுன்னு ரிசர்வ் வங்கி உத்தரவு. கட்டாம இருந்தா நிலுவையை முடிச்சு, கடன் கொடுத்த வங்கியில நிலுவை இல்லைங்கிற கடிதம் வாங்கிட்டு ஜாயினிங்குக்குப் போங்க.

வில்லாபுரம்வாசி:
கோச்சடை அண்ணே, தெற்குமாசிவீதி, தல்லாகுளம் சார், மூணு பேருக்கும் ரொம்ப நன்றி. கல்விக் கடன்ல நான்தான் கூட்டுக் கையெழுத்து. தவணை நாலாவது போகுது, ஒண்ணு லேட்டுன்னு நினைக்கிறேன், ரிப்போர்ட் எடுத்துப் பார்க்கிறேன். தம்பிக்குப் பதிலா நானே இங்கேயிருந்து கவுன்சிலுக்குப் பேசலாமா? அவன் ஷிஃப்ட்ல இருக்கான், போன் எடுக்கிறதே இல்லை.

கோச்சடை:
கணக்கு அவர் பேருல இருக்கிறதால உங்ககிட்ட எதுவும் சொல்ல மாட்டாங்க. கவுன்சில் டாக்ஸ் கணக்கு எண்ணைப் போட்டு, "என் சார்பா என் அக்கா பேசலாம்"னு தம்பியை அவர் ஈமெயில்லிருந்து ஒரு வரி அனுப்பச் சொல்லுங்க, அப்புறம் பேசுவாங்க. காலையில திறந்த உடனே போட்டா லைன் சீக்கிரம் கிடைக்கும். அங்கே 9 மணின்னா இங்கே கோடையில மதியம் 1.30, குளிர்காலத்துல 2.30.

பேசும்போது கேட்க வேண்டியது நாலு: கேஸ் இப்போ கவுன்சில்கிட்டயா பெய்லிஃப்கிட்டயா, வருமான ஃபாரம் அனுப்பியாச்சா, தவணை போட்டா சம்பளப் பிடித்தத்தை நிறுத்தி வைப்பீங்களா, அதை ஈமெயில்ல தருவீங்களா. முதல் தவணையை அன்னிக்கே கார்டுல கட்டுங்க. கட்டினப்புறம் கேட்டா ஒத்துக்கிற வாய்ப்பு கூட. கணக்குல சந்தேகம் இருக்குன்னா அதையும் அதே ஈமெயில்ல எழுதிடுங்க, பணம் கட்டினதால பில்லை ஒத்துக்கிட்டோம்னு ஆகக் கூடாது.