கடலூர்ல கம்மி விலைல ஃப்ரெஷ்ஷா மீன் சாப்பிடணும், ஐடியா சொல்லுங்க

ஞாயித்துக்கிழமை பாண்டில இருந்து பஸ்ல சில்வர் பீச் வர்றோம். பெரிய ஓட்டல் வேணாம், வண்டிக்கடைல சுடச்சுட பொரிச்ச மீன் சாப்பிடணும்னு அம்மாவுக்கு ரொம்ப ஆசை. ஃப்ரெஷ்ஷான்னு எப்படி பாக்குறது?

பதில்:
வஞ்சிரம் கேக்காதீங்க, பட்ஜெட் எகிறிடும். சங்கரா, நெத்திலி, காணாங்கத்தை போதும், ருசி ஒண்ணும் கொறையாது. மசாலா தடவி செவப்பா அடுக்கி வெச்சிருந்தா பழசா புதுசான்னே தெரியாது, அதனால தடவாத மீனை காட்ட சொல்லுங்க, செவுள் நல்லா ரத்தச் செவப்பா, கண்ணு குழி விழாம பளிச்னு இருக்கணும், விரலால அமுக்குனா பள்ளம் உடனே மேல வரணும். காட்ட மாட்டேன்னா அடுத்த கடைக்கு போயிடுங்க.

பதில்:
எண்ணெயையும் பாருங்க, கறுத்துப்போயிருந்தா வேணாம். போன மாசம் அப்படி ஒரு கடைல சாப்பிட்டு எம் பையன் ரெண்டு நாள் படுத்துட்டான், இன்னும் மனசு ஆறல.

பதில்:
எந்த மாசம் வர்றீங்க? ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், விசைப்படகு போகாது, ஃபைபர் படகு மீன்தான் புதுசா கெடைக்கும்.

கேட்டவர்:
ஜனவரிதான்ணா, ரொம்ப நன்றி! அம்மாவுக்கு நெத்திலின்னா உசுரு.