நாரி நோ: ‘எல்லாம் மனசுக்குள்ளதான்’ எண்டு கேட்காத மாதிரி மூளையின்ட பங்கை எப்பிடி விளக்கிறது?

கொழும்பு6_பிசியோ

வணக்கம். ஆறு மாதத்துக்கு மேல நாரி நோவோட வாற ஆக்களைப் பற்றின கேள்வி. கையில எம்.ஆர்.ஐ. ரிப்போட், வாயில ‘டிஸ்க் தேஞ்சு போச்சு, இனிக் குனியக் கூடாதாம்’. சோதிச்சுப் பாத்தால் கால் பலம் சரி, உணர்ச்சி சரி, முழங்கால், குதிக்கால் தெறிவினை சரி. ஆனால் குனியச் சொன்னால் இடுப்பு அசைய முதலே மூச்சைப் பிடிச்சிடுவினம், கை தொடையைத் தேடும். நோ வரப்போகுது எண்டு உடம்பு முன்கூட்டியே முடிவெடுத்திட்டுது.

‘எதிர்பார்ப்பு நோவைக் கூட்டும்’ எண்டு சொன்னால், ‘அப்ப நான் நடிக்கிறனோ?’ எண்டு முகம் மாறுது. இதை எப்பிடிச் சொல்லுறது? சொன்ன பிறகு குனியிறதை எந்தப் படிமுறையில பழக்கிறது?

முண்ணாண்

‘மூளைதான் நோவைக் கூட்டுகிறது’ என்ற வசனத்தை விட்டுவிடுங்கள். எவ்வளவு அன்பாகச் சொன்னாலும் ‘கற்பனை’ என்றுதான் காதில் விழும். ‘உங்கள் நோ உண்மை’ என்பதை வாய் திறந்து சொன்ன பிறகுதான் மற்றதெல்லாம்.

உடம்பிலிருந்து வரும் செய்தி முண்ணாணின் (முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத்தண்டின்) பின்பக்கமான பின்கொம்புக்கு வந்ததும் அப்படியே மேலே போய்விடாது. மூளைத்தண்டிலிருந்து இறங்கும் நரம்புகள் அங்கேயே அதை அடக்கவும் செய்யும், பெருக்கவும் செய்யும். முண்ணாணில் இப்படி ஒரு கதவு உண்டு என்று நோ ஆய்வாளர்கள் மெல்சாக்கும் வோலும் 1965இல் எழுதினார்கள். எதிர்பார்ப்பு வேலை செய்யும் வழிகளில் இந்த இறங்குபாதையும் ஒன்று. 1978இல் லெவைன், கோர்டன், ஃபீல்ட்ஸ் மூவரும் ஞானப்பல் பிடுங்கியவர்களிடம் பார்த்தார்கள்: பிளாசிபோவால் (மருந்து என்று கொடுக்கும் வெற்று மருந்தால்) நோ குறைந்தவர்களுக்கு நலொக்சோன் கொடுத்ததும் நோ திரும்ப ஏறியது. ஓபியொயிட் என்பது மோர்ஃபின் வகை நோவடக்கி, உடம்பும் அதைச் சுரக்கும். அது போய் ஒட்டும் ஏற்பிகளை மறிக்கும் மருந்துதான் நலொக்சோன். ஆகவே அந்த ஆறுதல் வெறும் அபிப்பிராயம் இல்லை, உடம்பே சுரந்த சரக்கு.

நோயாளிக்குச் சொல்ல இதைவிட நல்லது 2011இல் பிங்கெல் குழு செய்தது. 22 சுகதேகிகள், காலில் சூடு, ஒரே அளவு ரெமிஃபென்டனில் என்ற பலமான ஓபியொயிட் நோவடக்கி. மருந்துக்கு முன் நோ 100க்கு 66. மருந்து ஓடுவது தெரியாமல் ஓடியபோது 55. ‘இப்போது மருந்து ஓடுகிறது’ என்றதும் 39. மருந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே ‘நிறுத்திவிட்டோம், இனி நோ கூடலாம்’ என்றதும் 64. அளவு மாறவில்லை, சொல் மாத்திரம் மாறியது. ‘இனிக் குனியக் கூடாது’ என்ற ஒரு வரி என்ன செய்திருக்கும் என்பதை இதை வைத்து யோசியுங்கள்.

ரிப்போட்டுக்கும் ஒரு பதில் வைத்திருங்கள். நோவே இல்லாத 3110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்த 2015 ஆய்வில் டிஸ்க் தேய்வு 20 வயதுக்காரரில் 37%, 50 வயதில் 80%. வயதோடு வரும் நரை போல என்று சொன்னால் விளங்கும். ஆனால் சிறுநீர் அடைப்பு அல்லது கட்டுப்பாடு போதல், உட்காரும்போது கதிரையில் படும் பகுதி மரத்துப்போதல், காய்ச்சல், காரணமில்லாத மெலிவு, முன்பு புற்றுநோய், கால் பலம் குறைந்துகொண்டே போதல்: இதில் ஒன்று இருந்தாலும் இந்தக் கதை எதுவும் வேண்டாம், உடனே வைத்தியரிடம் அனுப்புங்கள்.

நடைப்பயிற்சி_13

சொல்லுறதுக்கு எங்கட ஊர் உதாரணமே காணும். கரையோர ரயில் கேட்டை எடுங்கோ. மணி அடிக்குது, கேட் விழுந்திருக்கு, ரயிலைக் காணேல்லை. மணி உண்மை, காது அடைக்கிற அளவுக்கு உண்மை. மணி அடிக்கேல்லை எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. ‘ரெண்டு பக்கமும் பாத்திட்டன், ரயில் இல்லை, மணி தேவைக்கு மேல கூர்மையாகிட்டுது’ எண்டு சொல்லுங்கோ. நீங்கள் காலைச் சோதிச்சதுதான் அந்த ரெண்டு பக்கமும் பாத்தது. அதால சோதனை முடிய முதல் இந்த விளக்கத்தைத் தொடங்காதீங்கோ, நம்ப மாட்டினம்.

விளக்கம் பத்து நிமிசத்துக்கு மேல போகக் கூடாது. சூடு கண்ட பூனைக்கு அடுப்பு ஆறிட்டுது எண்டு எத்தினை தரம் சொன்னாலும் அது கிட்டப் போகாது. போய்ப் பாத்தால்தான் தெரியும்.

பத்து லீற்றர் வாளியில 2 லீற்றர் தண்ணி. முதல்ல அதைக் கதிரையில வையுங்கோ, கிட்டத்தட்ட 45 செ.மீ. உயரம். தூக்க முதல் ‘எத்தினை நோ வரும் எண்டு நினைக்கிறீங்கள், பத்துக்கு?’ எண்டு கேட்டு, அவையின்ட கையாலயே எழுத விடுங்கோ. ‘என்ன நடக்கும் எண்டு பயம்?’ எண்டதையும் எழுதட்டும்: ‘டிஸ்க் வெளிய வந்திடும்’, ‘எழும்ப ஏலாமப் போகும்’. பிறகு 5 தரம் தூக்கி வைக்கட்டும். முடிஞ்ச பிறகுதான் வந்த நோவை எழுதுறது. 8 எண்டு எழுதினவருக்கு 4 வந்தால், அந்த ரெண்டு எண்ணையும் பக்கத்தில பக்கத்தில வைச்சு அவரையே வாசிக்கச் சொல்லுங்கோ. மூளை பழசைத் திருத்திறது இந்த இடைவெளியிலதான். நீங்கள் வாசிச்சுக் காட்டினால் அரைவாசி பலன் போயிடும்.

எதிர்பார்த்ததும் வந்ததும் கிட்டக் கிட்ட வந்து, எண்ணும் குறைஞ்ச பிறகு 20 செ.மீ. ஸ்டூல், அதுக்குப் பிறகு நிலம். அதுக்கும் பிறகுதான் தண்ணியைக் கூட்டிறது. உயரத்தையும் பாரத்தையும் ஒரே நாளில மாத்தாதீங்கோ.

பிழைக்கிற இடங்கள்: ‘நோகேக்க நிப்பாட்டுங்கோ’ எண்டால், நோ எண்டது ஆபத்து எண்டு திரும்பவும் படிப்பிக்கிறீங்கள். எண்ணிக்கையில நிப்பாட்டுங்கோ, அஞ்செண்டால் அஞ்சு. ஒவ்வொரு தரமும் ‘நோகுதோ?’ எண்டு கேட்கிறதும் அப்பிடித்தான். நிண்டு சமைக்கிறது மாதிரி நேரக் கணக்கு வேலையெண்டால், மூண்டு நாள் எவ்வளவு நேரம் தாங்குது எண்டு பாருங்கோ. 10, 14, 12 நிமிசம் எண்டால் சராசரி 12, அதில 80% எண்டு கிட்டத்தட்ட 10 நிமிசத்தில தொடங்குங்கோ. நல்ல நாளிலயும் 10தான். நல்ல நாளில 30 நிமிசம் நிண்டு அடுத்த ரெண்டு நாள் படுத்தால், பயம் சரியெண்டு மூளைக்கு நாங்களே சாட்சி சொன்ன மாதிரி.

கொழும்பு6_பிசியோ

மிக்க நன்றி. ரெண்டு சிக்கல். நாரிக்குப் பெல்ட் கட்டாமல் குனிய மாட்டினம். வீட்டில பிள்ளையள் ‘அம்மா குனியாதீங்கோ, நான் எடுத்துத் தாறன்’ எண்டு ஓடி வரும்.

நடைப்பயிற்சி_13

பெல்ட்டோட குனிஞ்சு ஒண்டும் நடக்காட்டில், மூளை படிக்கிறது ‘பெல்ட் காப்பாத்தினது’ எண்டு. குனியிறதைப் பற்றி ஒண்டுமே படிக்காது. ஒரேயடியாகப் பறிக்கவும் வேண்டாம். கதிரை உயரம் பெல்ட்டோட சரிவந்தால், ஸ்டூலுக்குப் போக முதல் அதே கதிரையில, அதே 2 லீற்றரை பெல்ட் இல்லாமல் செய்யட்டும், முதல்ல எண்ணை எழுதிப்போட்டு. மூச்சைப் பிடிக்கிறதும் இன்னொரு பெல்ட்தான். தூக்கேக்க சத்தமா எண்ணச் சொல்லுங்கோ, எண்ணிக்கொண்டு மூச்சைப் பிடிக்க ஏலாது.

பிள்ளையளில ஒருத்தரை அடுத்த முறை கூட்டிக்கொண்டு வரச் சொல்லி, அவர் பாக்க வாளியைத் தூக்க விடுங்கோ. அந்த ரெண்டு எண்ணையும் அவரும் பாக்கட்டும்.

அடுத்த நாள் நோ கூடலாம் எண்டதை முதலே சொல்லி வையுங்கோ: ‘பழக்கமில்லாத தசை, ஒரு நாள் நோகலாம்’ எண்டு. 24 மணித்தியாலத்துக்குள்ள இறங்கினால் அதே படி. இறங்காட்டில் ஒரு படி கீழ, ஆனால் நிப்பாட்டிறதில்லை.

ஊசி_மருந்து

நான் மருந்துப் பக்கம், சின்னதா ஒண்டு. முள்ளந்தண்டு ஊசிக்கு முதல் தோலை மரக்க வைக்கிற ஊசியில 140 தாய்மாரிட்ட 2010இல பாத்திருக்கினம். ‘பெரிய தேனீ குத்தின மாதிரி இருக்கும், இதுதான் மோசமான கட்டம்’ எண்டு கேட்டவை சொன்ன நோவின்ட நடு எண் பத்துக்கு 5, ‘இடம் மரத்துப்போகும், உங்களுக்குச் சுகமா இருக்கும்’ எண்டு கேட்டவைக்கு 3. ஆறுதல் சொல்லுறம் எண்டு நினைச்சு ‘கொஞ்சம் கடிக்கும், பல்லைக் கடிச்சுக்கொள்ளுங்கோ’ எண்டு சொல்லுற பழக்கம் எங்களில கன பேரிட்ட இருக்கு.

அதுக்காகப் பொய் சொல்ல வேண்டாம். ‘நோகவே நோகாது’ எண்டு சொல்லி நொந்தால், அடுத்த முறை நீங்கள் சொல்லுற ஒண்டும் ஏறாது. என்ன செய்யப்போறம், எவ்வளவு நேரம், அது எதுக்கு உதவும், இவ்வளவையும் உள்ளபடி சொல்லுங்கோ. பனடோல் குடுக்கேக்கயும் ‘இதைப் போட்டுப் பாருங்கோ’ எண்டு விடாமல், ‘அரை மணித்தியாலத்திலயிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள்ள வேலை செய்யத் தொடங்கும், அந்த நேரம் பாத்து வாளிப் பயிற்சியைச் செய்யுங்கோ’ எண்டு சொல்லலாம். ஆனால் வாளி நிலத்துக்கு வந்த பிறகு, குளிசை போடாத நாளிலயும் ஒருக்கால் தூக்க வையுங்கோ. இல்லாட்டில் குளிசையும் பெல்ட் ஆகிடும்.