கண் சிமிட்டலை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன்

மகனுக்கு ஆறு வயதில் கண் சிமிட்டல் தொடங்கியது. அப்புறம் தோளைக் குலுக்குவது, தொண்டையைச் செருமுவது. ஒரு வருடம் தாண்டியும் போகவில்லை. டூரெட் என்றார் டாக்டர்; இப்படித் தன்னையறியாமல் திரும்பத் திரும்ப வரும் அசைவுக்கும் சத்தத்துக்கும் 'டிக்' என்று பெயராம். அதிலிருந்து நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், இன்று எத்தனை தடவை சிமிட்டினான் என்று. ஒருநாள் அவனே சொன்னான்: "கண்ணு எனக்குத் தொந்தரவா இல்லம்மா. டீச்சர் சொல்றது பாதியிலயே மறந்துடுது, அதுக்குத்தான் அழுகை வருது."

டாக்டரிடம் சொன்னேன். பரிசோதித்ததில் ஏடிஹெச்டியும், அதாவது கவனம் நிற்காமல் துறுதுறுவென்று இருக்கிற நிலையும், இருந்தது. யோசித்துப் பார்த்தால், டிக் வருவதற்கு முன்பே, நான்கு வயதிலேயே அவன் ஓரிடத்தில் உட்கார்ந்ததில்லை. டூரெட் உள்ள பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது கூடவே இருக்குமாம். ஏடிஹெச்டிக்கு மாத்திரை கொடுத்தால் டிக் கூடிவிடும் என்று உறவினர்கள் பயமுறுத்தினார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு அப்படி ஆவதில்லை என்றார் டாக்டர். ஆனாலும் என் பயத்தைப் பார்த்து, இரண்டுக்குமே உதவக்கூடிய குளோனிடின் என்ற மருந்தில் தொடங்கினார்.

— ஆறு வயதில் தொடங்கியவனின் அம்மா

உங்கள் மகன் வாய்விட்டுச் சொன்னானே, அதுவே பெரிது. என் மகள் சொல்லவில்லை. பத்து வயதில் கதவின் இரண்டு பக்கமும் தொட்டுவிட்டுத்தான் அறைக்குள் வருவாள். எழுதியதை அழித்து அழித்துத் தாள் கிழியும். இதுவும் டிக்தான் என்று விட்டுவிட்டோம். டாக்டர் அவளிடம், "தொடாமல் வந்தால் என்ன ஆகும்?" என்று மட்டும் கேட்டார். "அப்பாவுக்கு ஏதாவது ஆயிடும்" என்றாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. டிக் வருமுன் உடம்பில் ஒரு உறுத்தல் இருக்கும், செய்துவிட்டால் அடங்கும், இவளுடையது பயம். ஓசிடி, விடாமல் வரும் எண்ணங்களால் ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிற நிலை. "சரியா வரல" என்பதற்காகவே திரும்பச் செய்கிற பிள்ளைகளும் உண்டு, அங்கே இரண்டையும் பிரிப்பது டாக்டருக்கே கஷ்டமாம். "அப்பாவுக்கு ஒன்றும் ஆகாது" என்று ஆயிரம் தடவை சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தச் சமாதானமே பயத்தை வளர்க்கும் என்று தெரபிஸ்ட் சொன்ன பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். அதுதான் எனக்கு மிகவும் கடினமாக இருந்தது.

— ஒரு அப்பா

எங்கள் வீட்டில் கோபம். மகன் பள்ளியில் நாள் முழுக்க டிக்கை அடக்கி வைப்பான், வீட்டுக்குள் நுழைந்ததும் வெடிப்பான். இப்போதெல்லாம் வந்தவுடன் அரைமணி நேரம் யாரும் எதுவும் கேட்பதில்லை. அப்புறம் அவனே வந்து பேசுகிறான்.

— இன்னொரு அம்மா