ஸ்டோரேஜ் சுவிட்சை 10 ஜிகாபிட்டுக்கு மாற்ற யோசனை சொல்லுங்கள்

குன்னூரில் ஒரு தேயிலை ஆபீஸின் சர்வர் அறையைப் பார்த்துக்கொள்கிறேன். 3 இஎஸ்எக்ஸ்ஐ ஹோஸ்ட் (விஎம், அதாவது விர்ச்சுவல் மெஷின்கள் ஓடும் சர்வர்கள்), நெட்வொர்க் வழியாக டிஸ்க் தரும் ஒரு ஐஸ்கஸி ஸ்டோரேஜ், நடுவில் 2 பழைய 1 ஜிகாபிட் சுவிட்ச். ராத்திரி பேக்கப் ஓடினால் போர்ட்டுக்கு நொடிக்கு 110 மெகாபைட்டில் முட்டி நிற்கிறது, விடிந்தும் முடியாது, ஏலக் கணக்கு போட வருகிறவர்கள் என்னைத்தான் திட்டுகிறார்கள்.

ரேக் ஒன்றுதான், அதனால் எஸ்எஃப்பி பிளஸ் (10 ஜி செருகு போர்ட்) சுவிட்சும் டாக் கேபிளும் (DAC, இரு முனையிலும் பிளக்கோடு வரும் செம்புக் கேபிள்) போதும் என்று நினைக்கிறேன் (ஆர்ஜே45 10 ஜி மாட்யூல் தொட்டாலே சுடுகிறது). இரண்டு சுவிட்சையும் ஒரே சுவிட்சாகச் சேர்த்து ஸ்டாக் பண்ண மாட்டேன். ஃபர்ம்வேர் ஏற்றும்போது இரண்டும் சேர்ந்து ரீபூட் ஆகி எல்லா விஎம்மும் படுத்ததை ஒருமுறை பட்டாகிவிட்டது. தனித்தனி சப்நெட் (ஐபி வரம்பு), மல்டிபாத் (ஸ்டோரேஜுக்கு இரண்டு பாதை), அவ்வளவுதான்.

சந்தேகம் இதுதான்: விஎம்களை நிறுத்தாமல் ஒரு பாதையை மட்டும் முதலில் புது சுவிட்சுக்கு மாற்றி, மறுநாள் இன்னொன்றை மாற்றினால், ஒரு பக்கம் 10 இன்னொரு பக்கம் 1 என்று ஓடும் அந்த நாளில் ரவுண்ட் ராபின் (பாதைகளை மாறி மாறிப் பயன்படுத்துவது) சொதப்புமா, இல்லை அதுவரை ஃபிக்ஸட் பாத் (ஒரே பாதை) வைத்துவிடலாமா? எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) 9000ஐ அதோடு சேர்த்தே மாற்றலாமா, பிறகா?

அப்புறம், மழை மாதங்களில் ரேக் கதவில் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு ஈரம். மலையில் இருக்கிறவர்கள் இதற்கு என்ன செய்கிறீர்கள்?